ஏறு எண், இறங்கு எண், துள்ளல் எண்: இலக்கப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பயிற்சி என்ன கேட்கிறது?

ஒரு முழு எண்ணைக் கொடுத்தால், அதன் இலக்கங்கள் இடமிருந்து வலமாக எப்படிப் போகின்றன என்று பார்த்து வகை சொல்லும் நிரல் ஒன்று எழுத வேண்டும், அவ்வளவுதான். எங்கேயும் குறையாமல் போனால் அது ஏறு எண், 23557 மாதிரி. எங்கேயும் கூடாமல் போனால் இறங்கு எண், 88410 மாதிரி. ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்கினால் துள்ளல் எண். 4776-ஐப் பாருங்கள்: 4-லிருந்து 7-க்கு ஏறுகிறது, அடுத்த 7-இல் அப்படியே நிற்கிறது, பிறகு 6-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் அது துள்ளல்.

ஆங்கில வழக்கில் இதைப் பவுன்சி நம்பர் என்பார்கள். நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய கணக்குகளைத் தரும் ப்ராஜெக்ட் ஆய்லர் இணையத் தொகுப்பில் 112-ஆம் கணக்கு, 113-ஆம் கணக்கு இரண்டும் இந்த எண்களை வைத்து அமைந்தவைதான். 112-இல் துள்ளல் எண்களின் விகிதம் 99 சதவீதத்தை எப்போது தொடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், 113-இல் 1-க்குப் பின் நூறு பூஜ்யம் போட்ட எண்ணுக்குக் கீழே துள்ளாத எண்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். அந்த இரண்டு விடைகளையும் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே போகும் வழியை மட்டும் எழுதுகிறேன், நீங்களே போய்ச் சேரும்போது கிடைக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

7777 எந்த வகை? எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கிறதே?

இரண்டு வகையிலும் சேரும். "குறையாமல்" என்ற நிபந்தனைக்கும் பொருந்துகிறது, "கூடாமல்" என்ற நிபந்தனைக்கும் பொருந்துகிறது. பயிற்சியில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதத் தெரியாமல் யாரும் தோற்பதில்லை, வரையறையை முழுசாகப் படிக்காமல்தான் தோற்கிறார்கள். மூன்று வகை என்று கேட்டவுடனே மூன்று தனித்தனிப் பெட்டிகள் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் முதல் இரண்டு பெட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கின்றன. உங்கள் நிரல் ஒரே ஒரு பெயரைத்தான் திருப்பித் தர வேண்டும் என்றால், 7777-க்கு என்ன சொல்வது என்பதைக் கேள்வித்தாள் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் "சமம்" என்று நான்காவது பெயர் ஒன்று வைத்துவிடுவது நல்லது.

சில பயிற்சிகளில் "கண்டிப்பாக ஏற வேண்டும்" என்று இருக்கும், அதாவது ஒவ்வொரு இலக்கமும் முந்தையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு சொல் கணக்கையே மாற்றிவிடுகிறது. கண்டிப்பாக ஏறும் எண்கள் மொத்தமே 511-தான்: 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களிலிருந்து ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை ஏறு வரிசையில் அடுக்க ஒரே வழிதான் உண்டு, காலியான கூட்டத்தை விட்டால் 512-இல் ஒன்று குறைவு. அவற்றில் மிகப் பெரியது 123456789. கண்டிப்பாக இறங்குபவை, பூஜ்யமும் சேர்ந்துகொள்வதால், 1022. மிகப் பெரியது 9876543210. "குறையாமல்" என்று தளர்த்திவிட்டால் இரண்டுமே முடிவில்லாமல் போகும்.

0, ஒற்றை இலக்க எண்கள்?

ஒற்றை இலக்கத்தில் ஒப்பிட ஜோடியே இல்லை, அதனால் எதுவும் மீறப்படவில்லை, இரண்டு வகையிலும் சேரும். இரண்டு இலக்க எண்ணில் ஒரே ஒரு ஜோடிதான், ஏறிவிட்டு இறங்க இடமில்லை. ஆகவே 100-க்குக் கீழே துள்ளல் எண் கிடையாது. முதல் துள்ளல் எண் 101.

சரி, நிரலை எப்படி எழுதுவது?

இரண்டு ஃப்ளாக் போதும், அதாவது மெய் அல்லது பொய் என்பதை மட்டும் நினைவில் வைக்கும் இரண்டு மாறிகள். எங்காவது ஏறியதா, எங்காவது இறங்கியதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். வகையை லூப்புக்குள் முடிவு செய்யவே வேண்டாம்.

ஏறியது = பொய்
இறங்கியது = பொய்
வலது = எண்ணை 10-ஆல் வகுத்த மீதி
எண் = எண்ணை 10-ஆல் வகுத்த ஈவு
எண் 0-க்கு மேல் இருக்கும் வரை:
— இடது = எண்ணை 10-ஆல் வகுத்த மீதி
— இடது < வலது என்றால் ஏறியது = மெய்
— இடது > வலது என்றால் இறங்கியது = மெய்
— வலது = இடது
— எண் = எண்ணை 10-ஆல் வகுத்த ஈவு

லூப் முடிந்த பிறகு: இரண்டும் மெய் என்றால் துள்ளல். ஏறியது மட்டும் மெய் என்றால் ஏறு எண். இறங்கியது மட்டும் என்றால் இறங்கு எண். இரண்டும் பொய் என்றால் எல்லா இலக்கமும் சமம்.

4776-ஐ இதில் ஓட்டிப் பார்ப்போம். முதலில் வலது 6, எண் 477. இடது 7, அது 6-ஐவிடப் பெரியது, இறங்கியது மெய் ஆகிறது. அடுத்து எண் 47, இடது 7, வலதும் 7, ஒன்றும் மாறவில்லை. அடுத்து எண் 4, இடது 4, வலது 7, ஏறியது மெய் ஆகிறது. எண் 0 ஆகிவிட்டது. இரண்டு ஃப்ளாக்கும் மெய், துள்ளல். தாளில் இப்படி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் அதன் பிறகு இந்த லூப் மறக்கவே மறக்காது.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறியது, இறங்கியது என்று வைத்தாலும் நிரல் ஓடும். மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் இருக்கும்.

என் நிரல் ஏறு எண்ணை இறங்கு எண் என்கிறது, இறங்கு எண்ணை ஏறு எண் என்கிறது. ஏன்?

10-ஆல் வகுத்து மீதி எடுத்தால் இலக்கங்கள் கடைசியிலிருந்துதான் கைக்கு வரும். 1234-இல் முதலில் கிடைப்பது 4. அடுத்து 3, 2, 1. நீங்கள் "வந்தது குறைந்துகொண்டே போகிறது, ஆகவே இறங்கு எண்" என்று எழுதியிருப்பீர்கள். அதனால்தான் மேலே இடது, வலது என்று பெயர் வைத்தேன். முந்தையது, அடுத்தது என்று வைத்தால் லூப்பின் திசையும் எண்ணின் திசையும் குழம்பிவிடும். துள்ளல் எண்ணை மட்டும் எண்ணும் கணக்கில் இந்தப் பிழை கண்ணிலேயே படாது, இரண்டும் தலைகீழானாலும் துள்ளல் துள்ளலாகத்தான் இருக்கும். வகைப் பெயரை அச்சிடச் சொல்லும்போதுதான் அகப்படும்.

1123-ஐத் துள்ளல் என்கிறதே?

"ஏறினால் இது, இல்லாவிட்டால் அது" என்று இரண்டு கிளைகளோடு நிறுத்தியிருக்கிறீர்கள். சமமான ஜோடி இரண்டாவது கிளையில் போய் விழுகிறது, 1-ம் 1-ம் இறக்கமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இரண்டு தனித்தனி நிபந்தனைகள் வேண்டும், சமமானதை இரண்டுமே தொடக்கூடாது.

இதேபோல முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் மட்டும் ஒப்பிட்டு முடிவு சொல்கிற நிரல்களும் உண்டு. 1324 வந்தால் அவை ஏறு எண் என்று சொல்லிவிடும், நடுவில் 3-லிருந்து 2-க்கு இறங்கியது தெரியாது.

ஸ்ட்ரிங்காக மாற்றி வரிசைப்படுத்திப் பார்ப்பது தப்பா?

தப்பே இல்லை. எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக மாற்றுங்கள், எழுத்துகளை வரிசைப்படுத்துங்கள், வரிசைப்படுத்தியதும் பழையதும் ஒன்றாக இருந்தால் ஏறு எண், தலைகீழ் வரிசையோடு ஒன்றாக இருந்தால் இறங்கு எண். 0 முதல் 9 வரையுள்ள எழுத்துகளின் குறியெண்கள் 48 முதல் 57 வரை தொடர்ச்சியாக இருப்பதால் எழுத்தாக ஒப்பிட்டாலும் இலக்கமாக ஒப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

ஆனால் பைத்தானில் ஒரு குழி இருக்கிறது. வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தராது, லிஸ்ட்டை, அதாவது தனித்தனி எழுத்துகளின் பட்டியலைத் தரும். லிஸ்ட்டை ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் எப்போதும் பொய்தான் வரும், பிழைச் செய்தியும் வராது, எல்லா எண்ணும் துள்ளலாகிவிடும். "என் நிரலில் 5 கூடத் துள்ளல் என்கிறது" என்று யாராவது கேட்டால் காரணம் அநேகமாக இதுதான். லிஸ்ட்டை மறுபடி ஒட்டி ஸ்ட்ரிங்காக்குங்கள், அல்லது பழைய ஸ்ட்ரிங்கையும் லிஸ்ட்டாக்கி ஒப்பிடுங்கள்.

வேகம் வேண்டும் என்றால் வகுத்தல் முறை நல்லது, படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்றால் ஸ்ட்ரிங் முறை நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-க்கு மேல் போனால் சாதாரண எண் வகை கடைசி இலக்கங்களைத் தவறவிடத் தொடங்கும். அங்கே உள்ளீட்டை ஆரம்பத்திலிருந்தே ஸ்ட்ரிங்காக வாங்குவதுதான் சரி.

எதிர்ம எண் கொடுத்தால் நிரல் நிற்காமல் ஓடுகிறது!

இது என்னையும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வைத்தது. பைத்தானில் முழு வகுத்தல் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கும். -17-ஐ 10-ஆல் வகுத்தால் ஈவு -2, மீதி 3. அந்த -2-ஐ மறுபடி வகுத்தால் -1. -1-ஐ வகுத்தால் மறுபடியும் -1. எண் 0 ஆகும் வரை ஓடு என்று எழுதியிருந்தால் அது 0 ஆகவே ஆகாது. சி, ஜாவா இரண்டிலும் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கிப் போகும், -17-க்கு ஈவு -1, மீதி -7. அங்கே லூப் நின்றுவிடும், ஆனால் இலக்கங்கள் எதிர்மமாக வருவதால் ஒப்பீடு தலைகீழாகும்.

தீர்வு எளிது: தொடக்கத்திலேயே குறியை நீக்கிவிடுங்கள். 32 பிட் எண் வகையில் -2147483648-க்கு மட்டும் நேர்ம ஜோடி கிடையாது, அதன் குறியை நீக்க முடியாது, அதற்கு அகலமான வகைக்கு மாறுங்கள். கேள்வியில் இயல் எண் என்று இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

எந்த எண்களை வைத்துச் சோதிப்பது?

100 முதல் 122 வரை ஒவ்வொன்றாகக் கையால் எழுதிப் பாருங்கள், அந்தச் சின்ன இடைவெளியிலேயே எல்லா வகையும் வந்துவிடுகிறது. 100 இறங்கு எண். 101 முதல் 109 வரை ஒன்பதும் துள்ளல், ஏனென்றால் 1-லிருந்து 0-க்கு விழுந்து மறுபடி எழுகின்றன. 110 இறங்கு எண், 111 இரண்டிலும் சேரும், 112 முதல் 119 வரை ஏறு எண். 120, 121 துள்ளல். 122 ஏறு எண்.

அதன் பிறகு மொத்தங்களை ஒப்பிடுங்கள். 1000-க்குக் கீழே துள்ளல் எண்கள் 525. 10000-க்குக் கீழே 8325. ஒரு லட்சத்துக்குக் கீழே 95046. இந்த மூன்றும் சரியாக வந்தால் உங்கள் சோதனை ஃபங்ஷனை நம்பலாம்.

விகிதம் 90 சதவீதத்தைத் தொடும் இடம்: தசம எண்ணில் ஒப்பிடலாமா?

வேண்டாம். துள்ளல் எண்ணிக்கையை எண்ணால் வகுத்து 0.9-க்குச் சமமா என்று கேட்காதீர்கள், 0.9-ஐக் கணினி துல்லியமாக வைத்திருப்பதில்லை. இரு பக்கமும் பெருக்கிவிடுங்கள்: துள்ளல் எண்ணிக்கை × 10 = எண் × 9. முழு எண்களுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும்.

"சமமா என்று கேட்டால் சரியாக அந்த விகிதத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விட்டால்?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி, இந்தப் பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். தாண்டவே முடியாது. துள்ளாத எண்களின் எண்ணிக்கையை ம என்று வையுங்கள், இதுவரை பார்த்த எண்களின் எண்ணிக்கையை எ என்று வையுங்கள். துள்ளல் 90 சதவீதம் என்றால் துள்ளாதது பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 × ம = எ. 90-க்குக் குறைவாக இருக்கும் வரை 10 × ம − எ என்பது நேர்மமாக இருக்கும். அடுத்த எண் துள்ளல் என்றால் ம மாறாது, எ ஒன்று கூடும், அந்த வித்தியாசம் சரியாக ஒன்று குறையும். துள்ளாத எண் என்றால் வித்தியாசம் 9 கூடும். ஆக இறங்கும்போது ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும். நேர்ம முழு எண் ஒன்று ஒன்றாக இறங்கினால் 0-வை மிதிக்காமல் எப்படிக் கீழே போகும்?

இதே வாதம் 50-க்கும் 99-க்கும் பொருந்தும், 60-க்குப் பொருந்தாது. முழுமைக்குக் குறையும் பங்கு இரண்டில் ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று இருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு புட்னம் கணிதப் போட்டியின் முதல் கணக்கும், கூடைப்பந்து வீச்சில் 80 சதவீதத்தைத் தாண்டுவது பற்றி, இதே கருத்துதான்.

இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது. விடை அந்தப் பெருக்கெண்ணின் (50-க்கு 2, 90-க்கு 10, 99-க்கு 100) மடங்காகவே இருக்கும். 50 சதவீதத்தை முதலில் தொடுவது 538, அது இரட்டை எண். 90-ஐத் தொடுவது 21780, பத்தின் மடங்கு. ஆகவே 99-க்கு உங்களுக்கு வந்த விடை இரண்டு பூஜ்யத்தில் முடியவில்லை என்றால், சமர்ப்பிக்காமல் நிரலை மறுபடி பாருங்கள்.

நூறு இலக்கம் வரை என்றால் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாதே?

முடியாது, எத்தனை வேகமான கணினியாக இருந்தாலும். இங்கே சோதிப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்க வேண்டும். ஏறு எண்ணுக்கு ஒரு சௌகரியம் உண்டு: எந்தெந்த இலக்கம் எத்தனை தடவை என்று சொன்னால் போதும், எண் தானாக முடிவாகிவிடும். இரண்டு 3, ஒரு 5, ஒரு 8 என்றால் அது 3358 மட்டும்தான்.

பட்டியல் வைத்துச் செய்வது எளிய வழி. கடைசி இலக்கம் 1 முதல் 9 வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒரு இலக்க எண்களில் எல்லாக் கட்டமும் 1. இன்னொரு இலக்கம் சேர்த்தால், 5-இல் முடிவதற்கு முன்னால் 1, 2, 3, 4, 5 எதுவும் இருக்கலாம், ஆகவே அதுவரையுள்ள கட்டங்களின் கூட்டுத்தொகை. கட்டங்கள் 1, 2, 3 … 9 ஆகின்றன, மொத்தம் 45. இன்னொரு தடவை கூட்டிக்கொண்டே போனால் 1, 3, 6, 10 … 45, மொத்தம் 165. இரண்டு இலக்கத்தில் 45 ஏறு எண்கள், மூன்று இலக்கத்தில் 165. நூறு தடவை இப்படிச் செய்ய ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

சூத்திரமாக வேண்டும் என்றால், அதிகபட்சம் ந இலக்கம் உள்ள ஏறு எண்கள் சேர்வு(ந + 9, 9) − 1. சேர்வு(அ, ஆ) என்பது அ பொருள்களிலிருந்து ஆ பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை. முன்னால் பூஜ்யம் போட்டு 007, 045 என்று நீட்டினாலும் ஏற்றம் கெடாது, அதனால் எல்லா நீளத்தையும் ஒரே வீச்சில் எண்ணிவிடலாம், எல்லாமே பூஜ்யமாக இருப்பதை மட்டும் கழிக்க வேண்டும். இறங்கு எண்ணில் இந்த வித்தை நடக்காது, 0-க்குப் பின் 4 வந்தால் அது ஏற்றமாகிவிடும். அதனால் ஒவ்வொரு நீளத்துக்கும் தனியாகச் சேர்வு(நீளம் + 9, 9) − 1 என்று எடுத்துக் கூட்டுங்கள். கடைசியில் இரண்டிலும் எண்ணப்பட்டவற்றை, நீளத்துக்கு ஒன்பது வீதம், ஒரு தடவை கழியுங்கள்.

மூன்று இலக்கம் வரை: ஏறுபவை 220 − 1 = 219. இறங்குபவை 9 + 54 + 219 = 282. இரண்டிலும் உள்ளவை 27. மொத்தம் 474. 999-இலிருந்து கழித்தால் 525, மேலே சொன்ன அதே எண். பத்து லட்சத்துக்குக் கீழே துள்ளாதவை 12951, பத்து இலக்கம் வரை போனாலும் 277032 மட்டுமே. பெரிய எண்களில் துள்ளாதவை அவ்வளவு அபூர்வம்: ஒரு எண் துள்ளிவிட்டால் அதன் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் துள்ளலாகவே இருக்கும்.

சேர்வைக் காரணியப் பெருக்கம் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) வழியாகக் கணக்கிடாதீர்கள். 64 பிட் எண்ணில் 20-இன் காரணியம்தான் கடைசியாகக் கொள்ளும், 21-இலேயே வழிந்துவிடும். மேல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதும் பாஸ்கல் முக்கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கின் எண்கள் 64 பிட்டுக்குள் அடங்கும்.

வேறு அடிமானத்தில் எழுதினால் வகை மாறுமா?

மாறும். 101 பத்தடிமானத்தில் (பத்து இலக்கங்களை வைத்து நாம் வழக்கமாக எழுதும் முறையில்) துள்ளல், பதினாறடிமானத்தில் 65 என்று எழுதுவோம், அது இறங்குகிறது. வகை எண்ணுக்குச் சொந்தமில்லை, எழுதும் முறைக்குச் சொந்தம். ஈரடிமானத்தில் ஏறு எண் என்றால் எல்லா இலக்கமும் 1, இறங்கு எண் என்றால் 1-கள் முடிந்து 0-கள். மேலே உள்ள லூப்பில் 10 இருக்கும் இடங்களில் எல்லாம் அடிமானத்தை மாறியாகக் கொடுத்துவிட்டால் போதும்.

இது முடிந்த பிறகு என்ன செய்து பார்க்கலாம்?

இலக்கங்களைப் பிரித்தெடுக்கும் அதே லூப்பை வைத்து ஆம்ஸ்ட்ராங் எண் செய்யலாம்: இலக்கம் ஒவ்வொன்றையும் மொத்த இலக்க எண்ணிக்கையின் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். மூன்று இலக்கத்தில் 153, 370, 371, 407 நான்குதான், பத்தடிமானத்தில் எத்தனை இலக்கம் போனாலும் மொத்தம் 88-தான்.

நான் சொல்வதானால் காப்ரேகர் கணக்கை எடுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு எண், அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 3524-இல் தொடங்கினால் 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. அதற்கு மேல் எத்தனை தடவை கழித்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து சேரும். இரண்டாவது படியில் 0378 என்று முன்னால் பூஜ்யம் வந்ததைக் கவனியுங்கள். எண் எப்போதாவது 999 ஆகச் சுருங்கினாலும் அதை 0999 என்றே நடத்த வேண்டும். மூன்று இலக்கமாக எடுத்துக்கொண்டால் 999 − 999 = 0 என்று நின்றுவிடும், நிரல் 6174-க்குப் போய்ச் சேராது. 1000-இல் தொடங்கிச் சோதித்தால் முதல் படியிலேயே தெரிந்துவிடும்: 1000 − 0001 = 999.